ஊட்டுக்காரி

கூடாரத்துக்குக் கதவு கிடையாது. ஆனாலும் ராத்தாவின் கூடாரத்துக்குள் ஸலாம் சொல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. நிவாரணம் கொண்டுவந்த பெரிய மனிதர்களும் சரி, கணக்கெடுக்க வந்த பொடியன்களும் சரி, வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து "வாங்க" என்று பதில் வந்த பிறகுதான் தலையைக் குனிந்து நுழைய வேண்டும். தெரியாமல் நுழைந்தவர்களை அவர் திட்டமாட்டார். "இது ஆர்ட ஊடு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். யாருடைய வீடு என்ற அந்தக் கேள்வியோடு வெளியே போய், மறுபடி ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் பக்கத்துக் கூடாரம். கடல் வந்த பிறகு, கல்முனைக்கு வடக்கே எங்கள் கரையோர ஊரில் மிஞ்சியவர்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முதலில் கூடாரம், பிறகு தகரக் கொட்டில். இரண்டிலும் எனக்கு அடுத்த வாசல் அவருடையதுதான். என்னைவிட மூத்தவர், அதனால் ராத்தா என்று கூப்பிட்டேன். அவர் மௌத்தாகிச் சில வருடங்களாகின்றன. மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லதைத்தான் சொல்லப்போகிறேன். ராத்தா ஒரு சண்டைக்காரி.

பெயரை எழுதமாட்டேன். எழுதினால் "என்ட பேர ஆருக்கிட்டக் கேட்டு எழுதின?" என்று மறுமையில் என் சட்டையைப் பிடிப்பார். அந்த வாய்க்கு நான் இப்போதும் பயம்.

அந்தக் கூடாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைதானத்திலிருந்த எல்லாக் கூடாரங்களின் நெற்றியிலும் அதைத் தந்த நிறுவனத்தின் பெயர் பெரிய நீல எழுத்தில் இருந்தது. ராத்தா வந்த அன்றே தன் மாப்பிள்ளையைக் கொண்டு, கணவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கூடாரத்தைக் கழற்றி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கட்டினார். பெயர் உள்ளே போய்விட்டது. மேற்பார்வைக்கு வந்தவருக்குச் சரியான கோபம். படம் எடுத்து அனுப்பும்போது பெயர் தெரிய வேண்டுமாம்.

"படம் எடுக்கணுமெண்டா உள்ளுக்கு வந்து எடுங்க, தம்பி" என்றார் ராத்தா. "என்ட ஊட்டு வாசல்ல என்னத்துக்கு இன்னொராள்ட பேர்?"

உடுப்பு மூட்டைகள் வந்தன. எங்கள் வெயிலுக்கு யாரோ பனிக்கோட்டுகளை அனுப்பியிருந்தார்கள். முழங்கால் வரை நீண்ட கம்பளிக் கோட்டு, உள்ளே பஞ்சு. வாங்கிய எல்லோரும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மூலையில் போட்டார்கள். ராத்தா அதை நாலாக மடித்துத் தைத்து, கூடார வாசலில் கால் துடைக்கப் போட்டார். வந்தவர்கள் எல்லோரும், அந்தக் கோட்டை அனுப்பிய நிறுவனத்தின் ஆட்கள் உட்பட, அதில்தான் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாங்கள் அந்த நாட்களில் சிரித்தது மிகக் குறைவு. அதற்குச் சிரித்தோம்.

ராத்தாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவளைக் கடல் எடுத்துக்கொண்டது. அவளுடைய கவுண் சட்டை ஒன்று மட்டும் வேலியில் சிக்கிக் கிடந்து கையில் வந்து சேர்ந்தது. ஒரு நாள் படம் பிடிக்கிறவர் ஒருவர் வந்து, அந்தக் கவுணை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி கொஞ்சம் இருக்கச் சொன்னார். அழுதாலும் பரவாயில்லை, நன்றாக இருக்கும் என்றார். எனக்கு அந்த மனிதனைக் கல்லால் எறிய வேண்டும்போல் இருந்தது. ராத்தா எழுந்து கவுணை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"அழுறதுக்கு எனக்கு நேரம் வரும். அப்ப உங்களக் கூப்பிடமாட்டன்" என்றார்.

மூத்த மகளுக்குக் கடல் வருவதற்கு முன்பே கலியாணம் பேசி முடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுடையது. பெண்ணுக்குக் கலியாணம் என்றால் அவளுக்கொரு வீடு இருக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அவளுடைய வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மாவின் வீடு மகளுக்குப் போகும். கொடுத்துவிட்ட உம்மா வளவின் மூலையில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். இதற்குள்ளும் அநியாயம் நிறைய இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டியே முதுகு முறிந்துபோவார்கள். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் எங்கள் பெண்கள் காலுக்குக் கீழே தங்களுடைய தரை இருக்கிறது என்ற தைரியத்தில் வாய் காட்டினார்கள் என்பதையும் மறைக்கமாட்டேன். அந்தத் தைரியம் ராத்தாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அவருடைய வீடு கரையில் மூன்றாவது வளவு. கடல் அதை அத்திவாரத்தோடு கொண்டுபோய்விட்டது. கரையில் இனிக் கட்டக்கூடாது என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. ஊருக்கு மேற்கே, வயல் பக்கமாக மண் நிரப்பிப் புது வீடுகள் கட்டித் தருவதாக ஒரு நிறுவனம் வந்தது. வீடு யாருக்கு என்று எழுதிக்கொண்டு போக மலைநாட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவரை அனுப்பியிருந்தார்கள். நல்ல பிள்ளை. வாசலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"வீட்டுத் தலைவர் யாருங்க?" என்று கேட்டார்.

"ஊட்டுக்காரி நான்தான். எழுதுங்க" என்றார் ராத்தா.

"சரிங்க. உங்க வீட்டுக்காரர் பேரு?"

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஊட்டுக்கு ஊட்டுக்காரர் இல்ல, தம்பி. ஊட்டுக்காரிதான். மாப்பிள்ளைட பேர் வேணுமெண்டா அதையும் செல்றன்."

சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். இருவரும் திருப்தியோடு பிரிந்தார்கள். அந்தத் தம்பியின் ஊரில் வீட்டுக்காரி என்றால் மனைவி. எங்கள் ஊரில் ஊட்டுக்காரி என்றால் வீடு எவளுடையதோ அவள். ஒரே சொல்லை இரண்டு பேரும் சொன்னார்கள். வீடு மட்டும் ராத்தாவின் கையிலிருந்து நழுவி மாப்பிள்ளையின் பெயருக்குப் போய்விட்டது. அது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

தெரிந்தது வீட்டுச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கொடுத்த நாளில். புதுக் குடியிருப்பில் பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். எல்லாம் ஆண்களின் பெயர்கள். என் மாப்பிள்ளையின் பெயர் அகரத்தில் தொடங்குவது. முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்கள், அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு போய் வாங்கிவிட்டார். எங்கள் வீடு இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஏதாவது வாக்குவாதம் வந்தால் நான் முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான்.

பிறகு ராத்தாவின் மாப்பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரை நான் மச்சான் என்பேன். தோணியில் போகிறவர். கடலில் கத்துவதோடு சரி, கரையில் அவர் குரலை அதிகம் பேர் கேட்டதில்லை. பெயரைக் கேட்டதும் பாதி எழும்பினார்.

"இரிங்க" என்றார் ராத்தா.

மச்சான் இருந்துவிட்டார். ஒலிபெருக்கி மறுபடியும் கூப்பிட்டது. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அந்தப் பேர்ல எங்கட குடும்பத்துல ஊடு இல்ல" என்றார். ஒலிபெருக்கி அவரிடம் இல்லை. ஆனாலும் பந்தலின் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது.

முதலில் எல்லோரும் பிழையைத் திருத்திக்கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தோம். திருத்த முடியாது என்றார்கள். குடும்பத் தலைவர் ஆண்தானாம், கணவர் உயிரோடு இருக்கும்போது மனைவி பெயரில் எழுத வழியில்லையாம். வீடு பதிகிற அலுவலகத்தில், அந்தக் கந்தோரில், இருந்த ஐயா மிகத் தன்மையாக ஒரு யோசனை சொன்னார். இப்போதைக்கு அவர் பெயரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், சில வருடம் போன பிறகு அவர் உங்களுக்கு எழுதித் தரலாம்.

"என்ட ஊட்ட எனக்கு அவர் தாறதா?" என்று கேட்டார் ராத்தா. "அது எப்ப அவர்ட ஆன? கடல் கொண்டுபோன ஊடு என்ட ஊடு. அது கடலுக்குத் தெரிஞ்சிரிக்கு. கந்தோருக்குத் தெரியாதா?"

வெளியே வந்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அவர் நாளைக்கு மௌத்தானா அவரோட கூடப் பொறந்த காக்கா தம்பிமாருக்கும் பங்கு வரும், புள்ள. அவங்க நல்ல மனிசர்தான். நல்ல மனிசரும் பங்கு கேப்பாங்க. அப்ப என்ட புள்ள எங்க நிக்கிற?"

ஊரில் கதை பரவியது. மாப்பிள்ளையை மதிக்காதவள் என்றார்கள். பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்த ஹாஜியார் ஒருவர், நாலு பேரை அழைத்துக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். ஸலாம் சொல்லித்தான் நுழைந்தார், அதில் குறையில்லை. ஆண்பிள்ளை பெயரில் வீடு இருப்பதுதான் குடும்பத்துக்கு மரியாதை என்று தொடங்கினார்.

ராத்தா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டார். "ஹாஜியார், என்ட நிக்காஹ் எங்க நடந்த?"

"உங்கட ஊட்டுலதான்."

"அண்டைக்குப் பந்தல்ல ஒரே சகன்ல ஆறு பேரா இரிந்து சோறு திண்டீங்க. என்ட மாப்பிள்ளைக்குப் பக்கத்துல நீங்கதான் இரிந்தீங்க. ஆர்ட ஊட்டுச் சோறு எண்டு நினைச்சுத் திண்டீங்க?"

ஹாஜியார் தேத்தண்ணியை முழுவதும் குடிக்காமல் எழும்பிவிட்டார். அந்தச் சகன் தட்டுக்கு இத்தனை காலம் கழித்துக் கணக்குக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

வேடிக்கையாகச் சொல்கிறேன். அந்த நாட்கள் வேடிக்கையாக இருக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் புது வீடுகளுக்குப் போனோம். மைதானத்தில் கொட்டில்களைக் கழற்றினார்கள். கடைசியில் ராத்தாவின் கொட்டில் மட்டும் தனியாக நின்றது. பொடியன்கள் அதைச் சுற்றிப் பந்து விளையாடினார்கள். பந்து தகரத்தில் படும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு இடி விழுந்தது போலிருக்கும். யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். கந்தோருக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். அடையாள அட்டையில் இருந்த விலாசத்தில் வீடே இல்லை. "ஊடு எங்க?" என்று அரைகுறைத் தமிழில் கேட்ட சிப்பாயிடம் ராத்தா, "கடலுக்குள்ள, மாத்தயா" என்றார். சிப்பாய் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இதற்கிடையில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். இரண்டாவது முறை வந்தபோது அவர்களுடைய கதையில் சூடு ஏறியிருந்தது. வீடு இல்லாத இடத்துக்கு மகனை எப்படி அனுப்புவது என்று கேட்டார்கள். அவர்கள் போன பிறகு மகள் அழுதாள்.

"உம்மா, வாப்பாட பேர்ல இரிந்தா என்ன? என்ட கலியாணம் நிண்டு போகப்போகுது."

"நிக்கிற கலியாணம் நிக்கட்டும்" என்றார் ராத்தா. சொன்ன வாய்தான் கல்லாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த சட்டியை மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு உள்ளுக்குள் எவ்வளவு பயம் என்று அன்றுதான் கண்டேன். பயந்துகொண்டே ஒருத்தி இப்படி நிற்க முடியும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலையில் மச்சான் வெள்ளைச் சாரம் உடுத்து, சேட்டுப் போட்டுக்கொண்டு தனியாகக் கந்தோருக்குப் போனார். ராத்தாவிடம் சொல்லவில்லை. ஊர் முழுவதும் ஒரே பேச்சு. ஆண்பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது, கையெழுத்து வைத்துத் திறப்பை வாங்கிக்கொண்டு வரப்போகிறார் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ராத்தா கொட்டில் வாசலில் அந்தக் கோட்டு விரிப்பின்மேல் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார். லுஹர் தொழுகைக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது.

மச்சான் வெறுங்கையோடு வந்தார். வாசலில் நின்று ஸலாம் சொன்னார்.

"என்ன செஞ்சீங்க?" என்றார் ராத்தா.

"கையெழுத்து வெக்கச் சொன்னாங்க. அது என்ட ஊடு இல்ல, சேர், நான் அந்த ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளை, பொய்க்கு என்னெண்டு கையெழுத்து வெக்கிற எண்டு கேட்டன். எனக்குத் தரவும் வேணாம், என்ட பேர வெட்டிருங்க எண்டு செல்லிட்டு வந்துட்டன்." கொஞ்சம் நிறுத்தி, "பசிக்குது" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ராத்தா உள்ளே போய்ச் சோறு போட்டார். சுட்ட கருவாடு முழுவதும் மச்சானுடைய சோற்றுக் கோப்பைக்கே போயிற்று.

இப்போது கந்தோருக்குத்தான் சங்கடம். கட்டி முடித்த வீடொன்று நிற்கிறது, எழுதிய ஆள் வேண்டாம் என்கிறார். அதே நிரையில் வேறு இரண்டு மூன்று பெண்களும் எங்களுக்கும் மாற்றித் தா என்று போய் நின்றார்கள். மைதானத்தைத் தா என்று பள்ளிக்கூட அதிபரும் நெருக்கினார். எது வேலை செய்ததோ தெரியாது. ஒரு நாள் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். துணைக்கு நான் போனேன். ஐயா களைத்துப்போன குரலில், "சரி அம்மா, நீங்க வெண்டுட்டீங்க. உங்கட பேரையே எழுதுறம்" என்று பேனையை எடுத்தார்.

"என்ட பேர் வேணாம், சேர்" என்றார் ராத்தா. "மகள்ட பேர எழுதுங்க."

ஐயா பேனையை வைத்துவிட்டார். எனக்கும் தலை சுற்றியது.

"அப்ப இவ்வளவு நாளும் உங்கட பேருக்குத்தானே சண்டை பிடிச்சீங்க?"

"என்ட பேருக்கெண்டு ஆரு செல்லின? ஊடு பொம்புளைட எண்டுதானே செல்லின. என்ட ஊட்ட எனக்கு என்ட உம்மா தந்தாங்க. நான் அத என்ட மகளுக்குக் குடுக்கணும். குடுக்கிறதுக்கு அது முதல்ல என்ட ஆகணும். இப்ப நீங்க என்ட எண்டு செல்லிட்டீங்க. நான் குடுத்துட்டன்."

"மகள் தனிக் குடும்பமா?"

"நாளைக்குக் குடும்பம்" என்றார் ராத்தா.

எழுதிக் கொடுத்தார்கள். நிக்காஹ் நடந்தது. அன்றைக்கு ஹாஜியாரும் வந்து சகனில் உட்கார்ந்தார். ஆர்ட ஊட்டுச் சோறு என்று இந்த முறை நன்றாகத் தெரிந்துகொண்டு சாப்பிட்டார். மறுநாளே ராத்தாவும் மச்சானும் மைதானத்துக் கொட்டிலின் தகரங்களைக் கொண்டுவந்து, மகளின் வளவு மூலையில் நட்டு அதற்குள் போய்விட்டார்கள். அந்தத் தகரத்துக்குள் வெந்தது போதாதா, வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் இருந்தால் என்ன என்று நான் சண்டைக்குப் போனேன். "குடுத்த ஊட்டுக்குள்ள குந்திக்கொண்டு இரிந்தா அது குடுத்ததா?" என்று கேட்டுவிட்டு, கோட்டு விரிப்பைக் கொட்டில் வாசலில் போட்டார். மகளின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போவார். மகளுக்கு அது வெட்கமாக இருக்கும்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு தை மாதம் வானம் பிளந்துகொண்டு பெய்தது. பள்ளமான இடமெல்லாம் வெள்ளம். எங்கள் குடியிருப்பு மண் நிரப்பிய மேடு என்பதால் தப்பியது. பெரியநீலாவணைப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற தமிழ்ப் பெண் ஒருவர், தாயையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நடந்து தெருவுக்கு வந்திருந்தார். ராத்தாவுக்கு அவரைச் சந்தையில் பழக்கம். கலவரக் காலங்களில் தமிழரும் முஸ்லிம்களுமாக இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் பயந்து ஓடிய தெரு அது. ராத்தா நடுத்தெருவில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நேரே மகளின் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும், கொட்டுகிற மழையில் எல்லோரையும் நிறுத்திவைத்துக்கொண்டு ஸலாம் சொன்னார்.

"ஊட்டுக்காரி! ஆக்கள் வந்திரிக்காங்க. உள்ளுக்கு வரலாமா?"

"அல்லாஹ்! உம்மா, மழைக்குள்ள நிண்டு கேக்கிற கேள்வியா இது?" என்று கத்திக்கொண்டு மகள் ஓடிவந்து கதவைத் திறந்தாள். பிள்ளைகளை வாரி உள்ளே எடுத்தாள். அவர்களை உள்ளே விட்டுவிட்டு ராத்தா நனைந்தபடியே தன் கொட்டிலுக்குத் திரும்பினார்.

இரண்டு நாள் கழித்துக் கந்தோரிலிருந்து புதிய பொடியன் ஒருவன் வெள்ளத்தால் வந்தவர்களைப் பதிய வந்தான். நான் சோற்றுப் பானையோடு அங்கே நின்றேன். வீட்டுக்குள் இருந்தவர்களைப் பதிந்துகொண்டு வெளியே வந்தவன், மூலையில் தகரக் கொட்டிலையும், வாசலில் இருந்த ராத்தாவையும், காலுக்குக் கீழே கிழிந்த கம்பளிக் கோட்டையும் பார்த்தான். அவனுடைய முகம் இரங்கிப்போயிற்று.

"நீங்களும் இடம்பெயர்ந்து வந்தவங்களா, உம்மா? உங்களையும் எழுதட்டா?"

ராத்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். இதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் தப்பித்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பொடியனுக்காக நான் துஆக் கேட்டுக்கொண்டேன்.

"எழுதாத, மகன்" என்றார். "நான் ஊட்டுக்காரிட உம்மா."